தண்டிக்கும் அதிகாரமும் இலாபக் கணக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தனியார் சிறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1980களின் அமெரிக்காவிலிருந்து தொடங்குவார்கள். நான் அதற்கும் இரண்டு நூற்றாண்டுகள் முன்னே போய்த் தொடங்க விரும்புகிறேன். 1773ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்துக்கு ஷெரீஃபாக ஜான் ஹோவார்டு பொறுப்பேற்றார். மாவட்டச் சிறையும் அந்தப் பதவியின் கீழ்தான் இருந்தது. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்கள் சிறைக்குள் போய்ப் பார்க்கும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. ஹோவார்டு போய்ப் பார்த்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டவர்களும், வழக்குத் தொடர யாரும் முன்வராததால் விடுவிக்கப்பட வேண்டியவர்களும் மாதக்கணக்கில் உள்ளேயே அடைபட்டுக் கிடந்ததைக் கண்டார். சிறை அதிகாரிக்கு அரசு சம்பளம் தராமல் இருந்ததுதான் இதற்குக் காரணம். கைதிகளிடம் வசூலிக்கும் கட்டணமே அவருடைய பிழைப்பாக இருந்தது. அந்தக் கட்டணத்தைக் கட்ட வழியில்லாதவருக்கு நீதிமன்றம் விடுதலை கொடுத்தும் கதவு திறக்கவில்லை.

கட்டணத்தை ஒழித்துவிட்டுச் சிறை அதிகாரிக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவார்டு மாவட்ட நீதிபதிகளிடம் கேட்டார். இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். முன்னுதாரணம் தேடி அண்டை மாவட்டங்களுக்குப் போனவர், அங்கும் இதே அநீதி நடப்பதைத்தான் பார்த்தார். அந்தத் தேடலே அவருடைய வாழ்நாள் பணியாக விரிந்தது. விடுதலையானவர்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்ற சட்டத்தை 1774இல் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றியது.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறையைத் தனியார் நடத்துவது ஏதோ நவீன நிர்வாகச் சிந்தனையில் பிறந்த புது வழி என்று இன்று சொல்லப்படுகிறது. உண்மையில் அரசு சம்பளம் கொடுத்துச் சிறை நடத்தும் முறையே, தனியார் முறையின் கொடுமைகளைக் கண்ட பிறகு போராடிப் பெற்ற சீர்திருத்தம். ஹோவார்டு அன்று சுட்டிக்காட்டியதைத்தான் நானும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒருவர் உள்ளே இருக்கும் நாட்களால் ஆதாயம் பெறுகிறவரிடம், அந்த நாட்களைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய அதிகாரம் சிறிதளவும் இருக்கக் கூடாது. தனியார் சிறையின் மற்ற கேடுகள் பலவும் இந்த ஒரு விதியை மீறுவதிலிருந்து கிளைப்பவை.

அதே காலத்து ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் கூட இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார். ஒப்பந்த முறையில் தானே ஒரு சிறையை நடத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் அரசிடம் மன்றாடியவர் அவர். ஆனாலும் அவருடைய திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய இறப்புகளைவிட அதிகமாகக் கைதிகள் இறந்தால், ஒவ்வொரு கூடுதல் உயிருக்கும் ஒப்பந்தக்காரர் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆதாய நோக்கு உள்ளவரைக் கட்டிப்போட அதே ஆதாயத்தையே கயிறாக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் அந்தக் கயிறும் இல்லாமல் போனதுதான் வேதனை.

இடையில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நடந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1865இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால், குற்றத்துக்கான தண்டனையாக அமையும் கட்டாய உழைப்புக்கு விலக்கு அளித்தது. உள்நாட்டுப் போரில் நொடித்துப்போன மாநிலங்கள் அந்த விலக்கின் வழியே நுழைந்தன. வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கும் சட்டங்கள் வந்தன. அவற்றின்கீழ் பிடிபட்ட கறுப்பின மக்கள் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் இரயில்பாதை வேலைகளுக்கும் குத்தகைக்கு விடப்பட்டார்கள். 1898ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் வருவாயில் ஏறத்தாழ 73 விழுக்காடு இந்தக் கைதிக் குத்தகையிலிருந்து வந்தது. குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தத் தொழிலாளி சொந்தச் சொத்து இல்லை என்பதால், அவர் செத்தாலும் நட்டமில்லை. அடுத்தவரை அனுப்பச் சொல்லலாம். எனவே சாவு எண்ணிக்கை பயங்கரமாக இருந்தது. அலபாமா 1928இல்தான் இதை நிறுத்தியது. சிறைவாசி வருவாய் ஆகும்போது, சட்டப்புத்தகமே ஆள்சேர்க்கும் கருவியாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1983இல் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016 முதல் அதன் பெயர் கோர்சிவிக். 1984இல் இன்னொரு பெரிய நிறுவனம் களத்தில் இறங்கியது. அது இன்று ஜியோ குரூப் என்று அறியப்படுகிறது. போதைப்பொருள் குற்றங்களுக்கு நீண்ட கட்டாயத் தண்டனைகள் விதிக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்த காலம் அது. 1970களின் தொடக்கத்தில் சுமார் 2 இலட்சமாக இருந்த மாநில, மத்தியச் சிறைவாசிகளின் எண்ணிக்கை 2009 வாக்கில் 16 இலட்சத்தைத் தாண்டியது. அரசுகளால் அந்த வேகத்துக்குக் கட்டடம் கட்ட முடியவில்லை. கட்டுமானத்துக்குக் கடன் வாங்க வாக்காளர்களிடம் அனுமதி கேட்கவும் அரசியல்வாதிகள் தயங்கினார்கள். "நாங்கள் கட்டித் தருகிறோம், நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுங்கள்" என்று நிறுவனங்கள் முன்வந்தபோது அது கைமேல் கிடைத்த தீர்வாகத் தெரிந்தது.

நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்னும் அந்தச் சின்ன ஏற்பாடு சிறைக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை என்று நீதிபதி சொல்கிறார். ஆனால் ஐந்தாண்டும் முழுதாகக் கழியுமா என்பது நன்னடத்தையைப் பொறுத்தது. நன்னடத்தை என்பது ஒரு கோப்பில் இருக்கும் தாள்களைப் பொறுத்தது. காலை எண்ணிக்கையின்போது கட்டிலை விட்டு எழத் தாமதித்தார், அனுமதியில்லாத இடத்தில் நின்றார், சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒரு வார்டர் ஒழுங்கு மீறல் சீட்டு எழுதுகிறார். எழுதாமல் கண்டித்துவிட்டும் போகலாம். எழுதுவதும் எழுதாததும் அவர் விருப்பம். எழுதிவிட்டால் குறைந்திருக்க வேண்டிய நாட்கள் குறையாமல் போகின்றன, பரோல் வாரியத்தின் முன் அந்தத் தாள் போய் நிற்கிறது. தனியார் சிறையில் அந்தச் சீட்டை எழுதுகிறவர் நிறுவனத்தின் சம்பளக்காரர். பின்னால் ஓர் அரசு அதிகாரி கையெழுத்திட்டாலும், தாளில் எழுதப்பட்டிருப்பதைத்தான் அவரால் பார்க்க முடியும். அன்று அந்த வராந்தாவில் நடந்ததைப் பார்க்க முடியாது.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மிசிசிப்பி மாநிலச் சிறைவாசிகளின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பதிவேடுகளைப் பொருளியலாளர் அனிதா முகர்ஜி ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒத்த குற்றம், ஒத்த தண்டனை உடையவர்களை ஒப்பிட்டபோது, தனியார் சிறையில் இருந்தவர்கள் சராசரியாக இரண்டு மூன்று மாதங்கள் கூடுதலாக உள்ளே இருந்திருக்கிறார்கள். அவர்கள்மீது எழுதப்பட்ட ஒழுங்கு மீறல் அறிக்கைகளும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூடுதலாகக் கழித்த அந்த நாட்கள் விடுதலைக்குப் பின் மறுபடி குற்றம் செய்வதைக் குறைக்கவுமில்லை. எந்த வார்டரும் முதலாளியின் இலாபத்துக்காகவே சீட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. குறைந்த சம்பளம், குறைந்த பயிற்சி, ஆள் பற்றாக்குறை இவற்றுக்கு நடுவே சீட்டு எழுதுவதுதான் ஒரு காவலரின் கைக்கு எட்டும் ஒரே கருவியாகவும் இருக்கலாம். காரணம் எதுவாயினும், எந்த நீதிபதியும் விதிக்காத இரண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனையை ஒரு மனிதர் அனுபவித்திருக்கிறார், அந்த நாட்களுக்கும் நிறுவனத்துக்குப் பணம் போயிருக்கிறது.

ஆதாயம் சிறை மதிலோடு நின்றுவிடும் என்று நம்பவும் இடமில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் லுசெர்ன் மாவட்டத்தில் மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கோனஹான் என்ற இரு நீதிபதிகள் இருந்தார்கள். அரசு நடத்திய பழைய சிறார் காப்பகம் மூடப்பட்டு, இலாப நோக்கில் நடத்தப்பட்ட புதிய மையத்துக்குச் சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்த மையத்தைக் கட்டியவரிடமிருந்தும் அதன் இணை உரிமையாளரிடமிருந்தும் இரு நீதிபதிகளுக்கும் 28 இலட்சம் டாலர் போய்ச் சேர்ந்திருந்தது பின்னர் அம்பலமானது. வழக்கறிஞர் இல்லாமலே சில நிமிடங்களில் விசாரணை முடிந்து, பெற்றோர் கண்முன்னே பிள்ளைகள் விலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பள்ளியின் துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து இணையத்தில் ஒரு பக்கம் உருவாக்கியதற்காக ஒரு மாணவிக்கு மூன்று மாதம் விதிக்கப்பட்டது. இறுதியில் மாநில உச்ச நீதிமன்றம் சுமார் 4,000 தீர்ப்புகளை ரத்து செய்தது. சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டுகளும், கோனஹானுக்குப் பதினேழரை ஆண்டுகளும் சிறைத்தண்டனை கிடைத்தன. தண்டனை கிடைத்துவிட்டது, நீதி வென்றுவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பதினான்கு பதினைந்து வயதில் அந்த மையத்துக்குள் போய்ப் பள்ளியையும் நண்பர்களையும் தன் மீதிருந்த மதிப்பையும் இழந்த பிள்ளைக்கு, ரத்து செய்யப்பட்ட தீர்ப்பின் நகல் எதைத் திருப்பிக் கொடுக்கும்?

அது இரண்டு நேர்மையற்ற மனிதர்களின் குற்றம், அதைக் கொண்டு முறையையே பழிக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே குற்றம் எதுவும் இல்லாமல், முழுக்கச் சட்டப்படி நடப்பவற்றையே எடுத்துக்கொள்வோம். கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் தன் முதலீட்டாளர்களுக்குச் சட்டப்படி அளித்த ஆண்டறிக்கைகளில் தொழிலுக்குள்ள அபாயங்களைப் பட்டியலிட்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் தளர்வு, தண்டனையிலும் பரோலிலும் இரக்கம், இப்போது குற்றமாக உள்ள சில செயல்களைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்குதல் ஆகியவை தன் சேவைக்கான தேவையைக் குறைக்கக்கூடும் என்பது அதில் ஒன்று. ஒரு சமூகம் தன் குற்றவியல் சட்டத்தை மனிதத்தன்மை உள்ளதாக ஆக்க எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அந்த ஏட்டில் அபாயம் என்ற தலைப்பின்கீழ் வருகிறது. நிறுவனம் உண்மையைத்தான் எழுதியது. அந்த உண்மைதான் நம்மைக் கலங்க வைக்க வேண்டும்.

பங்குச்சந்தையும் அதே உண்மையைச் சொன்னது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மத்திய அரசுக்காகத் தனியார் நடத்திய சிறைகளில், அரசுச் சிறைகளைவிடப் பாதுகாப்பு தொடர்பான சம்பவங்கள் பெரும்பாலான வகைகளில் அதிகம் என்றது அது. உடனே துணை அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ், அந்த ஒப்பந்தங்களைப் படிப்படியாக நிறுத்த ஆணையிட்டார். இரு பெரிய நிறுவனங்களின் பங்குகளும் அன்றே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தன. நவம்பரில் டொனால்டு டிரம்ப் வென்ற அதிபர் தேர்தலுக்கு மறுநாள், கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷனின் பங்கு 43 விழுக்காடு ஏறியது. அந்த ஒரே இரவில் நாட்டில் குற்றம் கூடியிருக்கவில்லை. எத்தனை பேர் அடைக்கப்படுவார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே மாறியிருந்தது.

ஒப்பந்தங்களில் வரும் நிறைவு உத்தரவாதம் என்னும் பிரிவு இன்னும் வெளிப்படையானது. சிறைப் படுக்கைகளில் 80 அல்லது 90 விழுக்காடு எப்போதும் நிரம்பியிருக்கும் என்று அரசு உறுதியளிக்கிறது. நிரம்பாவிட்டால் காலிப் படுக்கைக்கும் பணம் கட்டுகிறது. அரிசோனாவில் 100 விழுக்காடு உத்தரவாதம் கொடுத்த ஒப்பந்தங்களும் உண்டு. 2011இல் ஒஹையோ மாநிலம் தன் லேக் ஈரி சிறையையே கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷனுக்கு 7 கோடியே 27 இலட்சம் டாலருக்கு விற்று, இருபது ஆண்டுகளுக்கு 90 விழுக்காடு நிறைவை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டே, உங்கள் சிறைகளையும் இப்படி வாங்கிக்கொள்கிறோம் என்று அந்த நிறுவனம் 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. குற்றம் குறைந்தால் மக்கள் பணம் மிச்சமாக வேண்டும். இங்கோ குற்றம் குறைந்தால் அபராதம்.

இந்தப் பிரிவு என்னவெல்லாம் செய்யும் என்பதை அரிசோனாவின் கிங்மன் சிறை காட்டியது. 2010 ஜூலையில் அங்கிருந்து மூவர் தப்பினார்கள். பொய்யாகவே அடிக்கடி ஒலித்த எச்சரிக்கை மணியைப் பொருட்படுத்துவதையே ஊழியர்கள் விட்டிருந்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. தப்பியவர்கள் நியூ மெக்சிகோவில் விடுமுறைப் பயணத்தில் இருந்த கணவன் மனைவியைக் கொன்றார்கள். அரசு சில கைதிகளை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றி, புதியவர்களை அனுப்புவதை நிறுத்தியது. 97 விழுக்காடு நிறைவு உத்தரவாதத்தை மீறிவிட்டீர்கள் என்று நிறுவனம் அரசின் மேல் பாய்ந்தது. அரசு 30 இலட்சம் டாலர் கொடுத்தது. பாதுகாப்பில் கோட்டை விட்டவருக்கு, கோட்டை விட்டதன் விளைவாகக் காலியான படுக்கைகளுக்காக மக்கள் வரிப்பணம் போனது.

செலவு குறையும் என்பதுதான் எப்போதும் முதல் வாதமாக வைக்கப்படுகிறது. 20 விழுக்காடு மிச்சமாகும் என்று முதலில் சொன்னார்கள். அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் 2001இல் வெளிவந்த ஆய்வு, சராசரி மிச்சம் சுமார் ஒரு விழுக்காடுதான் என்று கண்டது. அந்தச் சிறிய மிச்சமும் எங்கிருந்து வருகிறது? சிறையின் செலவில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம். எனவே குறைப்பதற்கு இருக்கும் இடமும் அதுவே. ஐடஹோ மாநிலத்தில் கைதிகளே மல்லர் பள்ளி என்று பெயர் வைக்கும் அளவுக்கு அடிதடி மலிந்த ஒரு தனியார் சிறை இருந்தது. காவலரே இல்லாத பணியிடங்களில் காவலர் இருந்ததாக, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 4,800 மணி நேரம் பொய்க்கணக்கு எழுதப்பட்டிருந்ததை நடத்திய நிறுவனமே 2013இல் ஒப்புக்கொண்டது. அந்த மணி நேரங்களில் தாக்கப்பட்டவர் கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. 2014 ஜூலையில் மாநிலம் அந்தச் சிறையைத் தானே எடுத்துக்கொண்டது. நோயாளிகளையும் முதியவர்களையும் ஏற்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, செலவு பிடிக்கும் கைதிகளை அரசின் தலையில் கட்டிவிட்டு, பிறகு தலைக்கு ஆகும் செலவை ஒப்பிட்டுக் காட்டுவதும் உண்டு. இது நேர்மையான கணக்கு ஆகாது.

இது அமெரிக்காவின் தனிக்கதை அன்று. பிரிட்டனில் பர்மிங்காம் சிறை 2011இல் ஜி4எஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2016 டிசம்பரில் பெரும் கலவரம் வெடித்தது. 2018 ஆகஸ்டில் அரசே மறுபடி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அதே நாட்டில் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் பணியை ஏற்ற ஜி4எஸ், செர்கோ ஆகிய இரு நிறுவனங்களும், இறந்துபோனவர்களுக்கும் மறுபடி சிறைக்குப் போய்விட்டவர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கியது 2013இல் தெரியவந்தது. நியூசிலாந்தில் செர்கோ நடத்திய மவுண்ட் ஈடன் சிறையில் கைதிகள் ஏற்பாடு செய்து நடத்திய சண்டைகளின் காணொளிகள் 2015இல் வெளியானதும் அரசு அதைக் கையிலெடுத்தது. பிரேசிலின் மனாஸ் நகரில் தனியார் நிர்வாகத்தில் இருந்த சிறையில் 2017 புத்தாண்டு நாளில் மூண்ட படுகொலையில் 56 பேர் மாண்டார்கள்.

இத்தனையும் கேட்டபின், அரசுச் சிறைகள் மட்டும் சொர்க்கமா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்பதே என் பதில். அந்தக் கேள்வியை மழுப்பிவிட்டு நான் மேலே போக விரும்பவில்லை. அமெரிக்காவின் மாநில, மத்தியச் சிறைவாசிகளில் தனியார் சிறைகளில் இருப்பவர்கள் சுமார் 8 விழுக்காடுதான். 2022இல் அது ஏறத்தாழ 90,000 பேர். மீதி 92 விழுக்காட்டினரை அடைத்து வைத்திருப்பது அரசே. அடிதடி, தனிமைச் சிறை, மருத்துவமின்மை எல்லாம் அங்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் மூன்றாவது குற்றத்துக்கு ஆயுள் வரை தண்டிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தவர்களில் அரசுச் சிறைக்காவலர்களின் தொழிற்சங்கமும் ஒன்று. சிறைகள் பெருத்ததற்குத் தனியார் நிறுவனங்களே காரணம் என்று சொல்பவர்கள், வாக்குக்காகக் கடுந்தண்டனைச் சட்டங்களை இயற்றிய அரசியல்வாதிகளையும் அவற்றைக் கைதட்டி வரவேற்ற பொதுமக்களையும் தப்பவிடுகிறார்கள்.

ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. அரசுச் சிறையில் நடக்கும் தவறைத் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு தோண்டியெடுக்கலாம். அமெரிக்க மத்திய அரசின் தகவல் உரிமைச் சட்டம் அரசு அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. சிறை நடத்தும் நிறுவனத்தின் பதிவேடுகளை நேரடியாகத் தொடுவதில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் மசோதா 2005 முதல் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அரசுச் சிறையை மூட ஒரு சட்டமன்றம் இன்று தீர்மானித்தால் மூடலாம். இருபதாண்டு ஒப்பந்தத்தை அப்படி மூட முடியாது. இன்று வாக்களிக்கும் மக்களின் மனம் மாறினாலும், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ இட்ட கையெழுத்து அவர்களைக் கட்டிவைக்கிறது.

கட்டுண்டு கிடப்பது அரசு மட்டுமில்லை, சுற்றியுள்ள ஊரும் சேர்ந்துதான். டெக்சாஸின் தென்கோடியில் உள்ள வில்லசி மாவட்டம் ஏழை மாவட்டம். கடன் பத்திரம் வெளியிட்டுச் சிறை கட்டி, நடத்துவதை ஒரு நிறுவனத்திடம் விட்டது. சுமார் 2,800 பேர் அடைபட்டிருந்த அந்த இடத்தில் பெரும்பகுதி கூடாரங்கள். மருத்துவ வசதி உள்ளிட்ட குறைகளால் கொதித்த கைதிகள் 2015 பிப்ரவரியில் கிளர்ந்தெழுந்தார்கள், கூடாரங்கள் எரிந்தன, அரசு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், மாவட்ட நிர்வாகத்தின் வரவுசெலவே ஆட்டம் கண்டது. சில ஆண்டுகளில் அதே இடம் குடியேறிகளை அடைக்கும் தடுப்பு மையமாக மறுபடி திறந்தது. அந்த ஊர் மக்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் யாரோ சிலர் கைதாவதைச் சார்ந்திருக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். தனியார் சிறை சமூகத்துக்குச் செய்யும் கேடுகளில் இதைத்தான் மிகப் பெரிதாக நான் கருதுகிறேன். ஏனெனில் இதில் தண்டிக்க ஒரு குற்றவாளியும் கிடைக்கமாட்டார்.

தடுப்பு மையங்களைப் பற்றிச் சொன்னேன். இன்று இந்தத் தொழிலின் நடு மையம் அங்குதான் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேற்றத் துறையின் பிடியில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் தனியார் நடத்தும் இடங்களில் இருக்கிறார்கள். அவர்களை அங்கே வைத்திருப்பது குற்றத் தண்டனையாக இல்லை. சட்டத்தின் பார்வையில் அது நிர்வாகக் காவல் மட்டுமே. வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா மையத்தில் துப்புரவும் சமையலும் சலவையும் செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி தரப்பட்டது. 2021இல் நடுவர் குழு மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலுவைக் கூலியாக 1 கோடியே 73 இலட்சம் டாலர் கணக்கிடப்பட்டது. மையத்தை நடத்திய ஜியோ குரூப் மேல்முறையீடு செய்தது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. நாள் முழுதும் தரை துடைத்து ஒரு டாலர் பெற்றவர், பல் துலக்கும் பசை வாங்கவும் வீட்டுக்குத் தொலைபேசவும் அந்த ஒரு டாலரைத்தான் எண்ணி எண்ணிச் செலவிட்டார்.

சரி, சிறை நன்றாக நடத்தப்பட்டால்? உணவு நன்று, அறை தூய்மை, காவலர் பண்பானவர் என்றால் தனியார் நடத்துவதில் என்ன தவறு? இந்தக் கேள்விக்கு மிக ஆழமான விடையை இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2009 நவம்பர் 19 அன்று தந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பீர்ஷெபா நகருக்கு அருகே 800 பேருக்கான தனியார் சிறை ஏறத்தாழக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அரசின் கண்காணிப்புக்கும் ஏற்பாடு இருந்தது, வசதிகளும் அரசுச் சிறைகளைவிட மேலாக இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இருந்தும் தலைமை நீதிபதி டோரித் பெய்னிஷ் தலைமையிலான ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார்கள். ஒருவரின் உடலைச் சோதிப்பதும், தனிமையில் அடைப்பதும், தேவையானால் அவர்மீது பலத்தைப் பயன்படுத்துவதும், குடிமக்கள் தங்கள் பெயரால் செயல்பட அரசுக்கு மட்டுமே கொடுத்த அதிகாரம். அதை இலாபம் ஈட்டும் நிறுவனத்திடம் கொடுப்பதே, சிறைவாசம் ஏற்கெனவே பறித்த சுதந்திரத்துக்கும் மேலாக, அந்த மனிதரின் கண்ணியத்துக்குத் தனியே இழைக்கும் கேடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உள்ளே ஒரே ஒரு கைதியும் அடி வாங்குவதற்கு முன், ஒரே ஒரு பொய்க்கணக்கும் எழுதப்படுவதற்கு முன் அந்த நீதிமன்றம் இதைச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் உள்ள மதிப்பு அதனால்தான்.

இடைவழி ஏதும் இல்லையா என்றால், உண்டு. பிரான்ஸில் 1987 முதல் கட்டடப் பராமரிப்பு, உணவு போன்ற பணிகளைத் தனியார் ஏற்கிறார்கள். காவலும் நிர்வாகமும் அரசு ஊழியரிடமே இருக்கின்றன. நியூசிலாந்தில் 2015இல் திறந்த ஆக்லாந்து தெற்குச் சிறையின் ஒப்பந்தம், விடுதலையானவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைந்தால் நிறுவனத்துக்குக் கூடுதல் தொகை தருகிறது. பெந்தம் தேடிய கயிற்றின் இன்றைய வடிவம் அது. தலைக்கும் நாளுக்கும் பணம் என்பதைவிட அது மேலானது என்பதை ஏற்கிறேன். ஆனால் அங்கும் ஒழுங்கு மீறல் சீட்டு நிறுவனத்தின் ஊழியர் கையில்தான் இருக்கிறது என்பதால் என்னால் முழு மனதோடு அதை வரவேற்க முடியவில்லை. சிறை ஊழியர்கள் பணிப் பாதுகாப்புள்ள அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்று 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் கூறுவது இந்தக் காரணத்தால்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எனவே தனியார் சிறைகள் இயங்கும் நாடுகளிலும், அவற்றைத் திறக்கலாமா என்று யோசிக்கும் நாடுகளிலும், நிறைவு உத்தரவாதப் பிரிவு எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறக் கூடாது. தண்டனைக் குறைப்பு, பரோல், தனிமைச் சிறை ஆகியவற்றைத் தொடும் எந்த முடிவையும் தொடக்கம் முதல் இறுதிவரை அரசு அதிகாரியே எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பணியாளர் பட்டியல், காயம்பட்டோர் பதிவேடு, மருத்துவப் பதிவுகளின் தொகுப்பு ஆகியவை அரசு ஆவணங்களைப் போலவே மக்கள் கேட்டால் கிடைக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் இடங்களில் புதுப்பிக்காமல் அரசே ஏற்க வேண்டும். அப்படி ஏற்கும்போது அந்த ஊர் மக்களின் வேலைக்கும் மாற்று வழி காண வேண்டும். இல்லாவிட்டால் வில்லசி திரும்பத் திரும்ப நடக்கும்.

இவற்றை நிர்வாக ஆணைகளால் செய்ய முயன்றால் நிலைக்காது என்பதை அமெரிக்க அனுபவம் காட்டிவிட்டது. 2016இல் யேட்ஸ் இட்ட ஆணையை 2017 பிப்ரவரியில் அடுத்த அட்டர்னி ஜெனரல் விலக்கினார். 2021 ஜனவரியில் அதிபர் பைடன் மறுபடி ஆணையிட்டார். மத்தியச் சிறைத்துறையின் கடைசித் தனியார் ஒப்பந்தம் 2022 நவம்பரில் முடிந்தது. 2025 ஜனவரி 20 அன்று அந்த ஆணையும் ரத்தானது. இதற்கு மாறாக இல்லினாய் மாநிலம் 1990இலேயே சட்டமன்றத்தில் சட்டம் இயற்றித் தனியார் சிறைகளைத் தடுத்தது, 2019இல் அந்தத் தடையைக் குடியேறிகளின் தடுப்பு மையங்களுக்கும் நீட்டியது. அதிபர்கள் மாறினார்கள், பங்கு விலைகள் ஏறி இறங்கின. முப்பத்தைந்து ஆண்டுகளாக அங்கே அந்தத் தடை நிற்கிறது. நாம் கேட்க வேண்டியது அத்தகைய சட்டத்தை. அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்.